டூல் செட்டர் கை இடம் பிசகியபோது: வன்னிப் பட்டறையொன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வவுனியாவுக்கு வடக்கே ஏ-9 வீதியை அண்டிய ஒரு பட்டறையில், காலபோக அறுவடைக்குச் சில வாரங்கள் இருக்கையில் நடந்தது இது. அரிசி ஆலைகளுக்கும் நீர்ப்பம்பிகளுக்கும் இரு சக்கர உழவு இயந்திரங்களுக்கும் வேண்டிய தண்டுகள், கப்பிகள், பேரிங் கூடுகள் ஆகியவற்றைக் கடைந்து கொடுப்பதே அந்தப் பட்டறையின் பிழைப்பு. உரிமையாளர் கைலேத்தில் முப்பது ஆண்டுகள் வேலை செய்தவர். அவருக்குக் கீழே மூன்று இளைஞர்கள் இருக்கின்றனர். வேலைப்பொருளைப் பிடிக்கும் 8 அங்குல சக்கும் 12 கருவிகளைத் தாங்கும் டரெட்டும் ஃபானக் நிறுவனக் கட்டுப்பாட்டகமும் கொண்ட, கணினியால் இயங்கும் சி.என்.சி. கடைசல் இயந்திரம் ஒன்றை அவர்கள் பழையதாக வாங்கி வைத்திருந்தனர். நான் பராமரிப்பு வேலைக்காக அங்கே அவ்வப்போது போய்வருபவன்.

இயந்திரத்தில் கையால் இழுத்து இறக்கும் டூல் செட்டர் கை ஒன்று இருந்தது. வளைந்த அந்தக் கையின் நுனியில் தொடுகையை உணரும் ஒரு புரோப்பும், அதன் தலையில் சதுரக் கட்டி போன்ற தொடுமுனையும் இருக்கும். கருவியின் நுனியைத் தொடுமுனையின் ஒரு முகத்தில் மெதுவாகக் கொண்டுபோய் முட்டவிட்டால், இயந்திரம் அந்த இடத்திலேயே நின்று கருவியின் ஒப்செட்டை, அதாவது அதன் நுனி எங்கே இருக்கிறது என்பதைக் குறிக்கும் எண்ணை, தானே எழுதிக்கொள்ளும். வேலை முடிந்ததும் கையை மேலே மடக்கிவிடலாம். குனிந்து கொத்தி நிமிர்வதால் பட்டறையில் அதற்குக் கொக்கு என்றே பெயர். கொக்கு இல்லாவிட்டால் ஒவ்வொரு கருவியாலும் சிறிது வெட்டி, மைக்ரோமீற்றரால் அளந்து, கணக்கைக் கையால் அடிக்கவேண்டும். பன்னிரண்டு கருவிகளுக்கு அது அரை நாள் வேலை.

அப்போது கையில் இருந்தது ஓர் அரிசி ஆலைக்கான கட்டளை. 6207 பேரிங் ஏறும் தண்டுகளும், அந்தப் பேரிங் உட்காரும் வார்ப்பிரும்புக் கூடுகளும் வேண்டும். பேரிங்கின் உள்விட்டம் 35 மி.மீ., வெளிவிட்டம் 72 மி.மீ. தண்டின் இருக்கை கே6 அளவில், அதாவது 35.002 முதல் 35.018 வரை இருக்கவேண்டும். கூட்டின் துளை எச்7 அளவில், 72.000 முதல் 72.030 வரை இருக்கவேண்டும். தண்டில் சேர்கிளிப் என்ற தடுப்பு வளையத்தை மாட்டுவதற்கு 33 மி.மீ. அடிவிட்டமுள்ள ஒரு பள்ளமும் உண்டு.

முதல் அறிகுறிகள்

ஒரு புதன்கிழமை மாலை, கருவியின் மாற்றக்கூடிய வெட்டுமுனையான இன்சேட்டை மாற்றிக் கருவியைக் கொக்கில் தொட்டெடுத்த பிறகு கடைந்த முதல் தண்டு 35.10 மி.மீ. இருந்தது. இயந்திரத்தில் நின்ற இளைஞர், முனை தேயத் தேயச் சிறு திருத்தங்களை அடிப்பதற்கான தேய்மான ஒப்செட்டில் 0.09 கழித்தார். அடுத்த தண்டு சரியாக வந்தது. மறுநாள் காலை இன்சேட்டின் மறுமுனையைத் திருப்பிப் போட்டு மீண்டும் தொட்டெடுத்தார், மீண்டும் 0.09 கூடியது. அந்த இயந்திரத்தில் கருவியை மறுபடி அளந்தால் தேய்மான ஒப்செட் சுழியமாகிவிடும் என்பதால், முதல் நாள் செய்த திருத்தம் ஒவ்வொரு தொடுகையோடும் அழிந்துபோயிற்று. அவர் ஒவ்வொரு முறையும் அதே திருத்தத்தை அடித்தார். ஆறு நாட்கள் இப்படியே போயின.

இதில் அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. எண்ணை அடித்தால் தண்டு சரியாகிறது. சரியான தண்டு வெளியே போகிறது. ஒரு கருவிக்கு மட்டும் இது நடந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

ஏழாம் நாள் கூடுகளின் துளையை அளந்தபோதுதான் விடயம் பெரிதாயிற்று. துளை அளக்கும் டயல் கேஜ் வேறோர் இடத்துக்கு இரவல் போயிருந்ததால், ஐந்து கூடுகள் அளக்கப்படாமலே முடிக்கப்பட்டிருந்தன. ஐந்தும் 72.10 மி.மீ. அளவில் இருந்தன. பெருத்த தண்டை மறுபடி கடைந்து எடுக்கலாம். பெருத்த துளையைச் சிறிதாக்க வழியில்லை. அன்றைக்கே எனக்கு அழைப்பு வந்தது.

எண்கள் சொன்னவை

நான் போனபோது பட்டறையில் மூன்று கருத்துகள் இருந்தன. இன்சேட் பெட்டி போலி என்றார் ஒருவர். மைக்ரோமீற்றர் விழுந்திருக்கும் என்றார் இன்னொருவர். டரெட் பூட்டும் இடத்தில் தேய்ந்துவிட்டது என்பது உரிமையாளரின் கணிப்பு. மைக்ரோமீற்றரை 25 மி.மீ. அளவுத் தண்டில் வைத்துப் பார்த்தோம், அதில் குறையில்லை. இன்சேட்டைப் புதுப் பெட்டியிலிருந்து மாற்றினோம், பிழை மாறவில்லை.

பிறகு இயந்திரத்தைத் தொடாமல், ஒரு தாளில் எண்களை மட்டும் எழுதினோம். வெளிப்புறம் கடையும் கருவியால் வந்த தண்டு 0.09 பெரிது. உட்புறம் கடையும் போரிங் பாரால் வந்த துளையும் 0.09 பெரிது. இந்த இரண்டும் ஒரே பக்கமாகப் பெருத்திருப்பதுதான் முக்கியமான தடயம். தொடுமுனையின் முகங்கள் தேய்ந்திருந்தால் வெளிக்கருவி ஒரு பக்கமும் போரிங் பார் எதிர்ப்பக்கமும் பிழை காட்டியிருக்கும், ஏனெனில் அவை தொடுமுனையின் எதிரெதிர் முகங்களையே தொடுகின்றன. தொடுமுனை முழுதாக எக்ஸ் அச்சில், அதாவது தண்டுக்குக் குறுக்கான திசையில், வெளிப்பக்கம் 0.045 நகர்ந்திருந்தால், எல்லாக் கருவிகளின் நுனியும் இயந்திரம் நினைப்பதைவிட 0.045 வெளியே நிற்கும். தண்டும் துளையும் இரண்டுமே விட்டத்தில் 0.09 பெருக்கும். நாம் கண்டது இதைத்தான்.

ஆனால் சேர்கிளிப் பள்ளம் இந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. 33.00 வரவேண்டிய இடத்தில் 33.05 வந்திருந்தது. ஒரே நகர்வு எல்லாக் கருவிகளையும் ஒரேயளவில் பாதிக்கவேண்டும். இங்கே ஒரு கருவி மட்டும் குறைவாகப் பாதிக்கப்பட்டிருந்தது. பள்ளம் வெட்டும் கருவி தொடுமுனையின் நடுவைத் தொடுவதில்லை, ஓரத்தில் சுமார் 3 மி.மீ. தள்ளித்தான் தொடுகிறது என்பதைக் கதவுக் கண்ணாடி வழியே பார்த்தபோது, தொடுமுனை நகர்ந்தது மட்டுமன்றித் திரும்பியும் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தோம்.

நீள அளவுகளில் ஏன் எவரும் பிழை காணவில்லை என்ற கேள்வியும் எழுந்தது. தண்டின் நீளவாக்கிலான இசட் அச்சில் வேலைப்பொருளின் சுழியத்தை ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு கருவியால் முகத்தைத் தொட்டு நாமே அமைக்கிறோம். தொடுமுனை இசட்டில் எவ்வளவு நகர்ந்திருந்தாலும் அந்தத் தொடுகையில் அது விழுங்கப்பட்டுவிடும். எக்ஸ் அச்சுக்கு அந்த வசதி இல்லை. சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் மையம் இருக்கும் இடத்திலேயே இருக்கிறது.

மோதலைப் பற்றிய பேச்சு

நான் போனவுடன் கேட்ட முதல் கேள்வி, "கொக்கில யார் இடிச்சது?" என்பது. எவரும் பதில் சொல்லவில்லை. அது பிழையான கேள்வி என்பது பிறகுதான் உறைத்தது. தேநீருக்குப் பின் அந்த இளைஞரிடம், "தம்பி, அளவு எப்பயிருந்து பிசகினது?" என்று மட்டும் கேட்டேன். அவர் புதன்கிழமை என்றார். சற்றுப் பொறுத்து மிச்சத்தையும் சொன்னார்.

"அண்ணை, போரிங் பாரைத் தொடக் கொண்டுபோகேக்க ஒருக்கா முட்டினது. பெரிசா இல்லை. அலாம் அடிச்சு நிண்டிட்டுது. முனை உடையேல்லை எண்டு விட்டிட்டன்."

கைச்சக்கரத்தை ×10இல் வைக்கவேண்டிய இடத்தில் அது ×100இல் இருந்திருக்கிறது. அந்த நிலையில் சக்கரத்தின் ஒவ்வொரு சொடுக்குக்கும் கருவி 0.1 மி.மீ. நகரும். புரோப் சைகை கொடுத்தது உண்மைதான். ஆனால் அச்சு நிற்பதற்குள் தொடுமுனை வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டுவிட்டது. தொடுமுனைக்குக் கீழே வேண்டுமென்றே மெலிதாகச் செய்யப்பட்ட ஒரு கழுத்து இருக்கும். பெரிய மோதலில் புரோப்பைக் காப்பதற்காக அது முதலில் முறியும். அது முறியவில்லை என்றால் புரோப் தப்பியது என்றுதான் பொருள். தொடுமுனை இடம் மாறவில்லை என்பதற்கு அது சாட்சி அல்ல.

எடுத்த முடிவும் காரணமும்

மூன்று வழிகள் இருந்தன. தொடுமுனையின் இடத்தைக் குறிக்கும் அளவுருக்களை மட்டும் திருத்திவிடுவது முதலாவது. ஃபானக்கில் 5015 முதல் 5018 வரையான அளவுருக்கள் தொடுமுனையின் நான்கு முகங்களுக்குரியவை. பத்து நிமிட வேலை என்பதால் உரிமையாளருக்கு இதிலேயே விருப்பம். கொழும்பிலிருந்து ஆளை அழைப்பது இரண்டாவது. செலவும் நாட்களும் அதிகம். கையைக் கழற்றிச் சுத்தம் செய்து, தொடுமுனையை நேராக்கி, புதிதாக அளவுத்திருத்தம் செய்வது மூன்றாவது.

முதல் வழியை நான் மறுத்தேன். நகர்வை எண்ணால் சரிசெய்யலாம். திருப்பத்தை எண்ணால் சரிசெய்ய முடியாது. தொடுமுனை கோணலாக இருக்கும்வரை ஒவ்வொரு கருவியும் தான் தொடும் இடத்துக்கு ஏற்ப வெவ்வேறு பிழை காட்டும். மூன்றாவது வழியைத் தேர்ந்து, எதையும் தொடுவதற்கு முன் இருந்த நான்கு அளவுருக்களையும் எல்லா ஒப்செட்டுகளையும் தாளில் எழுதி வைத்தோம்.

முதல் முயற்சியும் அதன் தோல்வியும்

லீவர் டயல் கேஜைக் காந்த அடியில் பொருத்தி டரெட்டில் நிறுத்தி, அதன் முனையைத் தொடுமுனையின் எக்ஸ் முகத்தில் புரோப் சைகை கொடுக்காத அளவுக்கு மெதுவாகப் படவைத்து, இசட்டில் 10 மி.மீ. ஓட்டிப் பார்த்தோம். முள் 0.06 அசைந்தது. 10 மி.மீ.க்கு 0.06 என்றால் 3 மி.மீ.க்கு 0.018; விட்டத்தில் 0.036. 0.09இலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது ஏறத்தாழ 0.05. பள்ளத்தின் பிழை அதுவே. அந்தக் கணக்குப் பொருந்தியபோது வந்த மகிழ்ச்சியில்தான் நான் அவசரப்பட்டேன்.

தொடுமுனையின் பிடியில் எதிரெதிராக இருக்கும் இரு சிறு திருகாணிகளில் ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கி, முள்ளின் அசைவை 0.004க்குக் கொண்டுவந்தோம். உடனே அளவுத்திருத்தம் செய்தோம். முதல் தண்டு 35.011, இரண்டாவது 35.010. கையை மடக்கி, மீண்டும் இறக்கி, கருவியை மறுபடி தொட்டு வெட்டிய மூன்றாவது தண்டு 35.031 வந்தது. நான்காவது 35.002.

மடக்கி இறக்கும் ஒவ்வொரு முறையும் கை அதே இடத்துக்கு மீள்கிறதா என்று சோதிக்காமலே தொடுமுனையை நேராக்கியது என் பிழை. ஒரே கருவியைக் கையை மடக்காமல் பத்து முறை தொட்டோம், எண்கள் 0.002க்குள் நின்றன. ஒவ்வொரு தொடுகைக்கும் இடையே கையை மடக்கி இறக்கிப் பத்து முறை தொட்டோம், எண்கள் 0.019 வரை சிதறின. புரோப்பில் குறையில்லை. கை இறங்கி உட்காரும் இடத்தில்தான் குறை.

இருக்கையைத் திறந்தபோது

மூடியைக் கழற்றியதும் கை வந்து அமரும் தொடுபுள்ளிகளைச் சுற்றி மாவைப் பிசைந்து அப்பியதுபோலச் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு தெரிந்தது. விரலால் தேய்த்தால் வழுக்கிற்று. நகத்தால் சுரண்டினால் பொருக்காகப் பெயர்ந்தது. வார்ப்பிரும்புக் கூடுகளைக் கடையும்போது எழும் நுண்தூள், வெட்டுமிடத்தைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டோடு கலந்து அங்கே தங்கியிருந்தது. அதற்குப் பசைபோல உதவியது தண்ணீர் என்று நினைக்கிறேன். பட்டறை கூலன்ட்டைக் கலப்பது கிணற்றுத் தண்ணீரில். வவுனியாப் பக்கத்துக் கிணற்று நீரின் கடினத்தன்மையை இங்கே எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும். அந்த நீரிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் கூலன்ட்டிலுள்ள சவர்க்காரத் தன்மையுள்ள பொருட்களோடு சேர்ந்து கரையாத அழுக்காகப் படியும். சவர்க்காரம் நுரைக்காமல் திரண்டுபோகும் அதே கதைதான். மோதல் நடக்காவிட்டாலும் இந்தப் படிவு என்றோ ஒருநாள் அளவைக் குழப்பியிருக்கும்.

கையின் பீடத்தை இயந்திரத்தில் பிடித்திருந்த போல்ட்டுகளில் ஒன்று தளர்ந்திருந்தது. மோதலில் தளர்ந்ததா, முன்பே தளர்ந்திருந்ததா என்பதற்கு விடை கிடைக்கவில்லை. தொடுபுள்ளிகளைத் தும்பில்லாத துணியால் துடைத்து, போல்ட்டுகளை முறுக்குவிசைச் சாவியால் கையேட்டிலுள்ள அளவுக்கு இறுக்கி, மூடியின் தேய்ந்த ரப்பரை மாற்றினோம். பிறகு கையை மடக்கி இறக்கும் பத்துத் தொடுகைகளை மறுபடி செய்தோம். சிதறல் 0.004க்குக் குறைந்தது. அதன் பிறகே டயல் கேஜை மீண்டும் எடுத்தோம். போல்ட்டை இறுக்கியதில் முதல் நாள் நேராக்கிய முகம் 0.015 கோணியிருந்தது, அந்த வேலையை மறுபடி செய்யவேண்டியதாயிற்று. இசட் முகத்தையும் அவ்வாறே எக்ஸில் ஓட்டிப் பார்த்தோம். தொடுமுனை சதுரமானதால் ஒன்றைச் சரிசெய்தால் மற்றதும் ஏறத்தாழச் சரியாகும். ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது.

அளவுத்திருத்தம்

மறுநாள் காலை ஸ்பிண்டிலை இருபது நிமிடம் ஓடவிட்டுச் சூடேற்றிய பிறகு, ஓர் உருக்குத் துண்டை சக்கில் பிடித்து வெளிப்புறத்தைக் கடைந்தோம். மூன்று இடங்களில் அளந்ததில் 50.012. அதே துண்டின் உள்ளே போரிங் பாரால் துளையிட்டு அதையும் அளந்தோம். வெளிக்கருவி வெட்டிய உண்மையான விட்டம் தெரிந்த நிலையில் அதைத் தொடுமுனையின் ஒரு முகத்திலும், போரிங் பாரை எதிர்முகத்திலும் தொட்டு, கட்டுப்பாட்டகம் காட்டிய இடங்களை அளவுருக்களில் பதிந்தோம். அந்த இடத்தில் விட்ட மதிப்பை எழுதவேண்டுமா, ஆரை மதிப்பை எழுதவேண்டுமா என்பதை அந்த இயந்திரத்தின் கையேட்டில் பார்த்து உறுதிசெய்த பின்னரே எழுதினோம். இதில் குழம்பினால் பிழை இரட்டிக்கும் அல்லது பாதியாகும், இரண்டுமே நம்பக்கூடிய எண்களாகத் தோன்றும். அளவுரு எழுதும் அனுமதியைத் திறந்ததும் 100ஆம் இலக்க அலாம் வந்தது. அது வழமையானதுதான் என்று இளைஞரிடம் சொன்னேன். எழுதி முடித்ததும் அனுமதியை மூட அவர்தான் நினைவூட்டினார்.

பின்விளைவு

அன்று கடைந்த முதல் ஆறு தண்டுகளும் 35.008க்கும் 35.014க்கும் இடையில் வந்தன. துளைகள் 72.012 முதல் 72.020 வரை. பள்ளம் 33.00க்குக் கீழே இறங்கிற்று. தேய்மான ஒப்செட்டுகள் எல்லாம் சுழியத்திலிருந்து தொடங்கின. பெருத்திருந்த நான்கு தண்டுகளை மறுபடி கடைந்து மீட்டோம்.

ஐந்து கூடுகளைப் பற்றி ஒரு வாக்குவாதம் நடந்தது. துளையின் உட்சுவரில் சென்டர் பஞ்சால் பொட்டுப் பொட்டாகக் குத்திப் பேரிங்கை இறுகப் பிடிக்கவைக்கும் பழக்கம் வீதியோரப் பட்டறைகளில் உண்டு. உரிமையாளர் அதைத்தான் சொன்னார். குத்திய மேடுகள் ஆலை ஓடத் தொடங்கிய சில நாட்களில் நசுங்கிவிடும். பேரிங்கின் வெளிவளையம் கூட்டுக்குள் சுழலும். கூடு இன்னும் தேயும். அறுவடை நெல் குவிந்திருக்கும் நாளில் ஆலை நின்றால் அந்தப் பெயர் பட்டறைக்குத்தான் என்றேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு இரண்டு கூடுகளுக்கு உள்ளே சுற்றுவளையம் இறுக்கி மறுபடி துளையிட்டோம். மூன்றை ஒதுக்கிவிட்டோம். கட்டளை இரண்டு நாள் தாமதமாகப் போயிற்று.

மூன்று வாரங்கள் கழித்துப் போய்ப் பார்த்தபோது சிதறல் 0.005க்குள் இருந்தது. பிற்பகலில் அளந்தால் காலையைவிட விட்டம் 0.008 வரை மாறுவதையும் அப்போது கண்டோம். தகரக் கூரைக்குக் கீழே அது வியப்பில்லை. ஒரு மீற்றர் உருக்கு ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 0.0115 மி.மீ. நீளும். கே6 போன்ற அளவுகளுக்கு அதைக் கணக்கில் எடுக்கவேண்டும். அந்தப் பிரச்சினையை நாம் தீர்க்கவில்லை. இறுதி வெட்டுகளைக் காலையில் வைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொண்டோம்.

அடுத்த முறை மாற்றுவது

மீண்டும் இப்படி ஓர் அழைப்பு வந்தால் டயல் கேஜை எடுப்பதற்கு முன் கையை மடக்கி இறக்கும் பத்துத் தொடுகைச் சோதனையைச் செய்வேன். அதைத் தவறவிட்டதால் ஒரு முழு நாள் வீணாயிற்று. பட்டறையில் அவர்கள் மாற்றியவை வேறு. திங்கட்கிழமைகளில் ஒரே கருவியால் ஒரே உருக்குத் துண்டை வெட்டி, விட்டத்தை எழுதி வைக்கிறார்கள். தேய்மான ஒப்செட்டில் ஒரே தடவையில் 0.03க்கு மேல் அடிக்கவேண்டி வந்தால், அடிப்பதற்கு முன் இன்னொருவரிடம் சொல்லவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். இந்த எண்ணைத் தேர்ந்தது உரிமையாளர். எனக்கு அது சற்றுத் தாராளமாகத் தெரிகிறது. கூலன்ட்டை இப்போது ஆர்.ஓ. முறையில் வடிகட்டிய தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் கலந்து கலக்குகிறார்கள். ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் என்றால் நுரை அதிகமாகிறது.

கட்டுப்பாட்டகத்தின் அருகே ஒரு கொப்பி தொங்குகிறது. கொக்கில் எது முட்டினாலும், முனை உடைந்தாலும் உடையாவிட்டாலும், நேரத்தையும் கருவியின் இலக்கத்தையும் அதில் எழுதவேண்டும். பெயர் எழுதத் தேவையில்லை என்று உரிமையாளரே சொல்லியிருக்கிறார். கடைசியாக நான் பார்த்தபோது அதில் இரண்டு பதிவுகள் இருந்தன. இரண்டின் கீழும் பத்துத் தொடுகைகளின் எண்கள் எழுதப்பட்டிருந்தன.